குழந்தையின் நலனா, சாதியின் கௌரவமா?

"மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஆளுக்கு முன்னால், ஒரு மணி நேரம்." தான் பெற்ற பிள்ளையைப் பார்க்க ஒரு தாய்க்கோ தந்தைக்கோ இப்படி வரம்பு கட்டும் அதிகாரம் குடும்ப நீதிமன்றத்துக்கு உண்டு. அதற்குச் சொல்லப்படும் காரணம் குழந்தையின் நலன். அடித்தவர், மிரட்டியவர், குழந்தையைத் துன்புறுத்தியவர் என்றால் அந்தத் தடை கட்டாயம் வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. 'நலன்' என்ற சொல்லுக்குள் வேறு என்னவெல்லாம் நுழைகிறது என்பதே நம் கேள்வி.

வெள்ளையர் ஆட்சி 1890இல் இயற்றிய காப்பாளர் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. குழந்தையின் வயது, பாலினம், மதம், காப்பாளரின் நடத்தை, தகுதி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது அதன் 17ஆம் பிரிவு. சாதி என்ற சொல் அதில் இல்லை. ஆனால் சாதி எங்கே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது? 'நல்ல சூழல்', 'கௌரவமான குடும்பம்' என்றுதான் வரும். சாதி மறுப்புத் திருமணம் செய்த இணையர் பிரிந்தால், சேரியில் உள்ள ஓரறை வீட்டுக்கும் ஊர்த்தெருவில் உள்ள மாடி வீட்டுக்கும் நடக்கும் போட்டியாக வழக்கு மாறிவிடலாம்.

அமெரிக்காவில் இப்படி ஒரு வழக்கு நடந்தது. மணவிலக்கு பெற்ற வெள்ளையினப் பெண் ஒருவர் கறுப்பின ஆணோடு வாழத் தொடங்கி, அவரை மணந்தார். பள்ளியில் குழந்தையை இழிவாகப் பேசுவார்கள் என்று காரணம் சொல்லி, புளோரிடா நீதிமன்றம் மகளைத் தந்தையிடம் ஒப்படைத்தது. சமூகத்தின் வெறுப்புக்குச் சட்டம் துணைபோகக் கூடாது என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அதற்குள் தந்தை குழந்தையோடு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். வழக்கில் வென்ற தாய்க்கு மகள் திரும்பக் கிடைக்கவில்லை.

தாய், தந்தை இருவரின் அன்பும் குழந்தையின் அடிப்படை மனித உரிமை என்று 2020இல் நம் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அப்படியானால் அதைக் குறைக்கும் ஒவ்வொரு ஆணைக்கும் காரணம் எழுத்தில் வேண்டும். ஆபத்து என்றால் என்ன ஆபத்து, அதற்கு என்ன சான்று என்று சொல்ல வேண்டும். வறுமையும் தெருவின் பெயரும் சான்று ஆகா. வாய்தா மேல் வாய்தா போட்டால் குழந்தை பெற்றவரின் முகத்தையே மறந்துவிடும். அந்தத் தாமதமே ஒரு தீர்ப்புதான்.

தோழர்களே, சாதி மறுப்புத் திருமண மேடையில் நாம் கைதட்டுகிறோம். அந்த இணையர் பிரிந்து, ஒருவர் மட்டும் நீதிமன்ற வாசலில் தனியாக நிற்கும் நாளிலும் நாம் பக்கத்தில் இருக்க வேண்டும். மணமேடையில் தோற்ற சாதி, பிள்ளையை வைத்து வென்றுவிட விடக் கூடாது.