தியுவானாவுக்குப் பதிலாக எழுதப்பட்ட கடிதம்

1966இல் வந்த செனகல் நாட்டுப் படம் ஒன்றின் பெயர் ‘லா நுவார் தெ...’. ‘...உடைய கறுப்பி’ என்று பொருள். யாருடைய என்ற இடத்தில் மூன்று புள்ளிகள் மட்டும். ஆங்கிலத்தில் ‘பிளாக் கேர்ள்’ என்று மாற்றியபோது அந்தப் புள்ளிகள் காணாமல் போய்விட்டன. படத்தின் பாதி விஷயம் அந்தப் புள்ளிகளில்தான் இருந்தது.

எடுத்தவர் உஸ்மான் செம்பேன். மீனவர் மகன். பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அங்கே தொழிற்சங்கத்தில் வேலை செய்தவர். பிறகு எழுத்தாளராகி, அதன் பிறகே படம் எடுக்க வந்தார்.

கதை நமக்குப் புதிதல்ல. டக்கார் நகரத்தில் வேலை தேடும் பெண்கள் தெருவோரம் காத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரச் சீமாட்டி வந்ததும் எல்லோரும் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொள்ள, தியுவானா மட்டும் உட்கார்ந்தே இருக்கிறாள். சீமாட்டிக்கு அவளைப் பிடித்துவிடுகிறது. பிள்ளை பார்க்கும் வேலை என்றுதான் பேச்சு. பிரான்சுக்குப் போனபின் சமையல், துணி, கூட்டல், துடைத்தல் எல்லாம் அவள் தலையில். சம்பளம் கைக்கு வரவில்லை. ஊர் பார்க்கலாம் என்று போனவள் அடுப்படியை மட்டுமே பார்க்கிறாள்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுபவர்கள், கறுப்பினப் பெண் ஒருத்தி கதையின் நடுவே நிற்கிறாள் என்று பாராட்டுகிறார்கள். நியாயந்தான். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் படங்களில் வேலைக்காரி என்றால் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். இங்கே கேமரா அவளோடு அடுப்படிக்குப் போகிறது. ஆனால் திரையில் எத்தனை கறுப்பு முகம் என்று எண்ணுவதற்கு மேலே போய், யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்குக் கடிதக் காட்சி ஒன்றே போதும்.

அம்மாவிடமிருந்து கடிதம் வருகிறது. தியுவானாவுக்கு வாசிக்கத் தெரியாது. அம்மாவுக்கும் எழுதத் தெரியாது, யாரோ எழுதிக் கொடுத்தது. வீட்டு ஐயா வாசித்துக் காட்டுகிறார். பிறகு பேனாவை எடுத்து, அவளிடம் ஒன்றும் கேட்காமலே, அவள் பெயரில் பதிலும் எழுதத் தொடங்குகிறார். கெட்ட மனிதராகக்கூட அவரைக் காட்டவில்லை. உதவி செய்வதாகவே நினைக்கிறார். அவள் அம்மாவின் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறாள்.

நம் லயங்களிலிருந்து மத்திய கிழக்குக்குப் போன பெண்கள் எத்தனை பேர் ஏஜென்ட் நிரப்பிய படிவத்தில் கையெழுத்து மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள்! படிவத்தோடு பாடசாலைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது சொன்னார்களா என்பதுதான். பெரும்பாலும் சிரிப்புத்தான் பதில்.

படத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. தியுவானாவின் மனக்குரல் முழுவதும் பிரெஞ்சில் ஓடுகிறது. நடித்த எம்பிசின் தெரேஸ் தியோப்பின் குரலும் அதுவல்ல, வேறொரு நடிகையின் குரல். பேனாவைப் பிடுங்கியவரைக் காட்டும் படமே அவள் நாக்கையும் மாற்றிவிட்டது. செம்பேனுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். 1968இல் எடுத்த ‘மண்டபி’யில் மக்கள் தம் சொந்த வொலோஃப் மொழியிலேயே பேசுகிறார்கள். அடுத்த படத்திலேயே திருத்திக்கொண்டார் என்பதற்காக அவரை மதிக்கிறேன்.

முடிவில் தியுவானா தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். ஐயா பணத்தோடு டக்காருக்கு வர, தாய் அந்தப் பணத்தைத் தொட மறுக்கிறாள். அவருக்கு வழிகாட்டும் ஆசிரியராக நடிப்பவர் செம்பேனே.

படம் ஒரு மணி நேரந்தான். சிறுபிள்ளைகளுக்கு வேண்டாம். மாதர் பிரிவுக் கூட்டத்தில் போடலாம் என்பது என் யோசனை. கடிதக் காட்சியில் நிறுத்திவிட்டு, வெளிநாடு போய்வந்த அக்காமாரிடம் பேனாவைக் கொடுத்து, தியுவானா தன் அம்மாவுக்கு என்ன எழுதச் சொல்லியிருப்பாள் என்று கேட்போம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லட்டும். சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதித்தர நான் வருகிறேன்.