தாத்தா ஊருக்குப் போகவில்லை

நம் வீடுகளில் தாத்தாவோ பாட்டியோ இறந்துவிட்டால், சின்னக் குழந்தைகளை முதலில் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். திரும்பி வந்து ‘தாத்தா எங்கே?’ என்று கேட்டால், ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ அல்லது ‘தூங்குகிறார்’ என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அது குழந்தைக்கு உதவுகிறதா என்பதை நாம் சற்றே சிந்திக்க வேண்டும்.

ஊருக்குப் போனவர் திரும்பி வரவேண்டும் அல்லவா? குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். ‘தூங்குகிறார்’ என்றாலோ, இரவில் தானே கண்ணை மூடப் பயப்படும். ஹங்கேரி நாட்டில் குழந்தைகளிடம் பேசி, 1948-ல் தம் ஆய்வை வெளியிட்ட மரியா நாகி என்ற அம்மையார், மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ளவர்கள் சாவை ஒரு பயணமாகவும் தூக்கமாகவுமே எண்ணுகிறார்கள் என்று கண்டார். அப்படி எண்ணும் பிள்ளையிடம் நாமும் அதையே சொன்னால் எப்போது தெளியும்?

‘சாமி எடுத்துக்கொண்டார்’ என்பதும் அப்படித்தான் (அருட்சகோதரிகள் பொறுத்தருள்க!). அடுத்து அம்மாவையும் சாமி எடுத்துக்கொள்வாரோ என்று பிள்ளை நடுங்காதா? மோட்சத்தைப் பற்றிச் சொல்லலாம். உடம்பு மண்ணுக்குள் இருப்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எங்கள் பூந்தமல்லியில் ஒரு வீட்டில், ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்த தாத்தாவைப் பார்த்து நான்கு வயதுப் பேரன், ‘தாத்தாவுக்குக் குளிராதா?’ என்று கேட்டான். ‘சும்மா இரு’ என்று பெரியவர்கள் அதட்டினார்கள். எவ்வளவு நல்ல கேள்வி! ‘தாத்தா இறந்துவிட்டார். இனி மூச்சு விடமாட்டார். அவருக்குக் குளிராது, பசிக்காது, வலிக்காது’ என்று சொல்லியிருந்தால் போதுமே.

நம் முன்னோர் இதில் நம்மைவிடத் தைரியசாலிகள். இந்து வீடுகளில் பேரப்பிள்ளைகளின் கையில் நெய்ப்பந்தம் கொடுத்து, தாத்தாவின் உடலைச் சுற்றிவரச் செய்யும் வழக்கம் இன்றும் உண்டு. நம் கல்லறைகளிலோ குழியில் ஆளுக்கு ஒரு பிடி மண் போடுகிறோம். பிள்ளையும் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிடி போடட்டும். பயந்தால் வற்புறுத்த வேண்டாம்.

அமெரிக்காவின் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியில், கடைக்காரத் தாத்தாவாக நடித்தவர் 1982-ல் இறந்தார். கடையை விட்டுப் போய்விட்டார் என்று கதையை மாற்றியிருக்கலாம். அவர்களோ 1983 நவம்பரில், ‘அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார்’ என்று குழந்தைகளுக்கு நேராகவே சொன்னார்கள்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று தம்பி தங்கைகளையும் அழைத்துச் செல்வோம். மெழுகுவர்த்தியை அவர்களே ஏற்றட்டும். ‘தாத்தா இதற்குள்ளேயா இருக்கிறார்?’ என்று போன வருடம் கேட்டதையே மறுபடியும் கேட்பார்கள். நாமும் மறுபடி சொல்வோம்.