ஏரிப் படுகையும் நிலத்தின் கணக்கும்

ஏரியில் வண்டல் சேர்வதைக் குடியானவர்கள் பொதுவாக இரு விதமாகக் கருதி வருகின்றனர். நீரின் கொள்ளளவைக் குறைப்பதால் அது நஷ்டம் என்பர். புன்செய் நிலத்தில் அடித்தால் மண் வளம் பெறுவதால் லாபம் என்பர். இரண்டும் உண்மையே. ஆயினும் வண்டலுக்கு மூன்றாவது உபயோகம் ஒன்றும் உண்டு. ஏரிக்கு மேற்புறத்திலுள்ள நிலங்கள் எக்காலத்தில் எவ்வாறு பேணப்பட்டன, எக்காலத்தில் கைவிடப்பட்டன என்பதற்கு அவ்வண்டலே சாட்சி. மண்ணரிப்பைப் பற்றிக் கிராமங்களில் நிகழும் வாதங்களில் இச்சாட்சியைக் கேட்பார் இல்லாதது பெருங்குறையாகும்.

மழைநீர் ஆண்டுதோறும் கொணரும் மண், முந்திய ஆண்டின் மண்மீது படிகின்றது. ஆகையால் கலையாத படுகையில் அடியிலுள்ளது பழையது, மேலுள்ளது புதியது. ஆழமான ஏரிகளில் நீண்ட குழாயை இறக்கி, படுகை மண்ணைத் தூண்போல் எடுத்து, மெல்லிய வில்லைகளாக அறுத்து அறிஞர்கள் சோதிக்கின்றனர். மகரந்தத் தூளின் புறத்தோல் நீரடிச் சேற்றில் எளிதில் அழிவதில்லை. அதனைக் கொண்டு அக்காலத்தில் காடு இருந்ததா, பயிர் இருந்ததா என்று அறியலாம். அடுக்குதோறும் மகரந்தத்தை எண்ணி அட்டவணைப்படுத்தும் முறையை ஸ்வீடன் தேசத்து லென்னார்ட் வான் போஸ்ட் என்பவர் 1916-இல் எடுத்துக் காட்டினார். கரித்துகள் மிகுந்த அடுக்கு தீயைக் குறிக்கும். காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்புத் தாதுக்கள் திடீரென மிகுமாயின், மேல் நிலத்து மண் அடித்து வரப்பட்டிருக்கலாம் என்று ஊகிப்பர்.

அடுக்கின் வயதை அறியவும் வழியுண்டு. மக்கிய செடிப்பொருளிலுள்ள ஒரு வகைக் கரி, சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகின்றது. எஞ்சிய அளவைக் கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளைக் கணிக்கலாம். அண்மைக் காலத்திற்கு வேறோர் அடையாளம் உண்டு. அணுகுண்டுச் சோதனைகளால் வானில் பரவிய சீசியம் என்னும் பொருள் 1963-ஆம் ஆண்டையொட்டி மிகுதியாகப் பூமியில் விழுந்தது. அவ்வடுக்கைக் கண்டுகொண்டால், அதன்மேல் எத்தனை அங்குலம் வண்டல் ஏறியது என்று அளந்துவிடலாம்.

இவ்வாராய்ச்சி எவ்வாறு ஊகங்களைத் திருத்துகின்றது என்பதற்கு மெக்ஸிகோ தேசத்துப் பாட்ஸ்குவாரோ ஏரி தக்க உதாரணம். கடல் மட்டத்திற்குச் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், நீர் வெளியேறும் ஆறு இல்லாத பள்ளத்தாக்கில் அவ்வேரி அமைந்துள்ளது. சரிவுகளில் கரைந்த மண்ணில் பெரும்பகுதிக்கு அதுவே முடிவிடம். அதன் கரையில் புரேபெச்சா மக்களின் அரசு தலைநகர் கொண்டிருந்தது. அம்மக்களுக்கு ஏருமில்லை, உழவு மாடுமில்லை. கைக்கோலால் நிலத்தைக் குத்தி மக்காச்சோளம் விதைத்தனர். 1521-இல் அஸ்டெக் தலைநகரை வென்ற ஸ்பானியர் அடுத்த ஆண்டே இப்பகுதிக்கும் வந்தனர். கலப்பையும் மாடும் ஆடும் அவர்களோடு வந்தன. எனவே அச்சரிவுகளின் மண்ணை அழித்தவை ஸ்பானியரின் கலப்பையும் மந்தையுமே என்று பலர் நம்பி வந்தனர்.

1993-இல் ஸாரா ஓஹாரா முதலிய மூன்று ஆங்கில அறிஞர்கள் அவ்வேரியின் படுகையைச் சோதித்து முடிவை வெளியிட்டனர். கலப்பை வருவதற்கு முன்னரே மண் பெருமளவில் அரித்துச் செல்லப்பட்டிருந்தது. அவ்வரிப்பின் வேகம் ஸ்பானியர் காலத்து வேகத்திற்குக் குறைந்ததன்று என்று கண்டனர். கைக்கோல் சாகுபடி ஆதலால் மண்ணுக்குத் தீங்கில்லை என்ற எண்ணம் இதனால் வீழ்ந்தது.

ஆனால் ஆராய்ச்சி அத்துடன் நிற்கவில்லை. 2003-இல் கிறிஸ்டோபர் ஃபிஷர் முதலியோர் ஏரி மண்ணோடு கரையோர நிலங்களையும் பழைய குடியிருப்புகளையும் தோண்டிப் பார்த்தனர். காடழித்து முதன்முதல் குடியேறிய காலத்தில் நிலம் சீர்கெட்டது என்றும், ஜனத்தொகை மிகுந்திருந்த பிற்காலத்தில் படிக்கட்டு வரப்புகளால் சரிவுகள் பெரிதும் நிலைபெற்றிருந்தன என்றும் அவர்கள் கருதினர். ஸ்பானியர் வருகைக்குப்பின் மீண்டும் சீர்கேடு நேர்ந்தது. அதற்குக் காரணம் கலப்பையன்று. புதிய கொள்ளை நோய்களால் ஜனங்கள் மாண்டனர். வரப்புகளைப் பழுதுபார்க்கக் கைகள் இல்லாமற் போயின என்பது அவர்கள் துணிபு.

இவ்விரு கூற்றுகளிலும் காலக்கணக்கைப் பற்றிய வேற்றுமை உண்டு. எனினும் குடியானவர் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே. இன்ன கருவி மண்ணைக் கெடுக்கும், இன்ன கருவி காக்கும் என்று சொல்லிவிட்டு அமைதியடைதல் போதாது. மூடாத சரிவும் பேணாத வரப்புமே மண்ணைக் கரைக்கின்றன. வரப்பிட்டு விட்ட நிலத்தை இடையில் கைவிடுதல் மிகவும் அபாயகரமானது. ஏனெனில் உடைந்த வரப்பு பரவலாக ஓடும் நீரை ஓரிடத்தில் திரட்டி ஓடையாக்கிவிடும்.

தமிழ்நாட்டு ஏரிகளும் கண்மாய்களும் பெரும்பாலும் கோடையில் வற்றுவன, மாடுகள் மிதிப்பன, வெடிப்பு விடுவன, பலமுறை தூர் எடுக்கப்பட்டவை. ஆதலால் பாட்ஸ்குவாரோ போன்ற தெளிவான வரிசையை அவற்றில் எதிர்பார்க்கலாகாது. எனினும் எளிய விஷயங்களை அவையும் தெரிவிக்கும். நீர் நுழையும் வாயில் பருமணல் புதிதாகக் குவிந்திருப்பின், மேலே ஓடை ஒன்று கரையை வெட்டுகின்றது எனலாம். மதகை அடுத்து நயமான செம்மண் தடித்திருப்பின், செம்மண் மேட்டு நிலத்தின் மேல்மண்ணே இறங்கியிருக்கக்கூடும். மேற்புறத்தார் இழந்ததையே கீழ்ப்புறத்தார் கூலி கொடுத்து அள்ளுகின்றனர்.

தூர் எடுக்கும் வேலையை ஆண்டிற்கு ஆண்டு பெரிய காரியமாக நடத்திவிட்டு, அத்தூர் எங்கிருந்து வந்ததென்று கேளாதிருப்பது ஓட்டைக் குதிரில் நெல் கொட்டுவதற்கு ஒப்பாகும். வேலை தொடங்குமுன் வாய், நடு, மதகு ஆகிய மூன்றிடங்களில் குழிவெட்டி, வண்டலின் தடிப்பையும் நிறத்தையும் கிராமக் கணக்கில் குறித்து வைத்தல் அதிகாரிகளுக்குப் பெருஞ் சிரமமன்று. ஆழப்படுத்தப்படாத பழைய ஏரி எங்கேனும் இருப்பின், அதன் நடுவில் சிறு பகுதியையேனும் தொடாது விட்டு வைத்தல் நலம். அள்ளிய அடுக்கை மீண்டும் அடுக்குவார் இல்லை.

நிலச்சுவான்தார்கள் செய்ய வேண்டியது வேறு. மேட்டு நிலத்தைத் தரிசாக விட்டு நகரத்திற்குச் சென்றுவிட்டவர்கள், பயிரில்லாத நிலத்திற்கு வேலையும் இல்லை என்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. பயிர் செய்யாத ஆண்டிலும் மழைக்கு முன் வரப்பின் உடைப்பை அடைத்து, நிலத்தைப் புல்லாலேனும் மூடி வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யாதவரது நிலத்து மண் கீழேயுள்ள ஏரியில் வரவாகிவிடும். அதனைத் திரும்பப் பெற வண்டிச் சத்தம் கொடுக்க வேண்டியவரும் அவரே.