இருபது அங்குலக் குழலும் மூன்றாம் விதியும்

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு ஆணை வரும். திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் இது பழகிப்போன நடைமுறை. வாக்குப்பதிவும் எண்ணிக்கையும் முடிந்தபின் அவை வந்த வீடுகளுக்கே திரும்பும். எந்தெந்த வீடுகள் என்பது ஊருக்குத் தெரியும். சேரிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அவற்றுள் பல, ரவை சுடும் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் துப்பாக்கிகள். குழலின் உட்புறம் வரிப்பள்ளமின்றி வழுவழுப்பாக இருப்பது இவற்றின் இலக்கணம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இவற்றுக்குச் சலுகை காட்டுகிறது. குழல் இருபது அங்குலத்துக்குக் குறையாமல் இருந்து, தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கப்பட்டால் உரிமம் வழங்கவேண்டும் என்கிறது பிரிவு 13. பிற துப்பாக்கிகளுக்கோ தக்க காரணம் காட்டியாகவேண்டும். குழல் இருபது அங்குலத்துக்குக் குறைந்தால் அதே ஆயுதம் மூன்றாம் வகையிலிருந்து கடுமையான முதல் வகைக்குத் தாவிவிடுகிறது. (அமெரிக்காவில் இந்த எல்லை 18 அங்குலம், பிரிட்டனில் 24.) குறுக்கப்பட்ட குழலை உடைக்குள் மறைக்கலாம் என்பதே அச்சம். உரிமமின்றிக் குழலைக் குறுக்குவதைப் பிரிவு 6 தடுக்கிறது. 2019 திருத்தம், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் அதில் சேர்த்து, மூன்று முதல் ஏழாண்டு வரை இருந்த தண்டனையை ஏழாண்டு முதல் ஆயுள் வரை உயர்த்தியது.

ஆக, சட்டம் குழலை அங்குலக் கணக்கில் அளக்கிறது. அதைப் பிடித்திருக்கும் கைக்கு ஊரில் என்ன அதிகாரம் என்பதை அளப்பதில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணிக்குத் துப்பாக்கிகளோடு வந்தவர்கள் நிலக்கிழாரும் அவரது ஆட்களுமே. அன்றிரவு 44 பேர் எரிந்து மாண்டனர்.

சொத்து போதவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் உரிமம் மறுக்கக்கூடாது என்று பிரிவு 14 சொல்வது உண்மைதான். ஆனால் பயிர்ப் பாதுகாப்புக்கென வழங்கப்படும் உரிமத்துக்குப் பயிர் வேண்டும். பயிருக்கு நிலம் வேண்டும். அந்தநல்லூர்ப் பக்கத்து வாழைத்தோட்டத்தில் கூலிக்குத் தார் சுமப்பவருக்கு அந்த வாசல் திறப்பதில்லை. மறுபுறம், நாட்டுத்துப்பாக்கியால் முயலும் கொக்கும் வேட்டையாடி வாழ்ந்த நரிக்குறவரை எண்ணிப் பார்ப்போம். திருச்சி மாவட்டத்தில் தேவராயநேரி அவர்களது பெரிய குடியிருப்பு. உரிமமில்லாத துப்பாக்கி ஒன்று கையில் இருந்தாலே, 2019 திருத்தத்தின்படி இரண்டு முதல் ஐந்தாண்டுச் சிறை. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியதோ 2022 டிசம்பரில்தான்.

அதிகாரத்தை அளக்கும் கருவி வேறொரு சட்டத்தில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் மூன்றாம் விதி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் மாநில அரசு செய்யவேண்டியவற்றைக் கூறுகிறது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களைத் தேவைப்படும்போது ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யவேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் ஆகியோரின் உரிமங்களும் இதில் அடங்கும். விதியை எழுதியவர்கள் கிராமத்தை அறிந்தவர்கள் என்றே தோன்றுகிறது. பண்ணையாரின் துப்பாக்கி கணக்குப்பிள்ளை பெயரில் இருக்கக்கூடும் என்பதை அவர்கள் மறக்கவில்லை. பாதுகாப்புக்குத் தேவையெனில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கவும் அதே விதி இடமளிக்கிறது.

விதி வந்து இரண்டாண்டு கடந்தபின், 1997 டிசம்பர் 1 அன்று, பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் ரண்வீர் சேனை 58 பேரைக் கொன்றது. தாளில் இருக்கும் விதி தானாக நடந்து வராது.

வீட்டுக்கொரு துப்பாக்கி வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது கணக்கு. திருவரங்கம் நகரம் மாநகரக் காவல் ஆணையரின் உரிம எல்லைக்குள் வருகிறது. வட்டத்தின் சிற்றூர்களுக்கு மாவட்ட ஆட்சியரே உரிம அதிகாரி. ஆகவே தகவல் உரிமை மனுவை இரு அலுவலகங்களுக்கும் அனுப்பவேண்டும். நடப்பிலுள்ள உரிமங்கள் எத்தனை, அவற்றில் பயிர்ப் பாதுகாப்புக்கானவை எத்தனை, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் கையில் இருப்பவை எத்தனை, மூன்றாம் விதியின்கீழ் 1995 முதல் ரத்தானவை எத்தனை என்ற நான்கு கேள்விகள் போதும். வரும் பதிலை, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆட்சியர் தலைமையில் கூடவேண்டிய மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவில் வைத்துப் பதிவு செய்யச் சொல்லலாம். சட்டம் பயிலும் மாணவர்கள் இந்த மனுவை இந்த வாரமே எழுதிவிட முடியும்.