‘வெறும் வாய்வுதான்’ என்று இருந்துவிடாதீர்கள்!

நம்ம சேலம், நாமக்கல் பக்கத்துப் பெண்களுக்கு நெஞ்சு வலியே வருவதில்லை, தெரியுமா? சந்தேகமாக இருந்தால் உங்கள் தெருவிலேயே நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். “வாய்வு புடிச்சிருக்குங்க” என்பார் ஒருவர். “நேத்து மாவாட்டினனுங்க, தோள்பட்டை புடிச்சுக்கிச்சு” என்பார் இன்னொருவர். “வயசாகுதில்லீங்களா, மூச்சு வாங்கத்தானே செய்யும்?” என்று மூன்றாமவர் சிரிப்பார். ஒரு கோலி சோடா, கொஞ்சம் ஓமத் தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர். வைத்தியம் முடிந்தது. திரும்பவும் அடுப்படிக்குப் போய்விடுவார்கள்.

அதே வீட்டில் ஆண்பிள்ளை ஒருவர், “நெஞ்சு என்னமோ பண்ணுது” என்று சொல்லட்டும்! அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறோம். பக்கத்து வீட்டுக் காரைக் கூப்பிடுகிறோம். பீரோவிலிருந்து பணத்தை எடுக்கிறோம். ஆக, நமக்கு விஷயம் தெரியாமல் இல்லை. நமக்கு வந்தால் மட்டும் அதற்கு வாய்வு என்று பெயர் வைத்துவிடுகிறோம். இந்த இதழில் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

என் சின்னம்மா ராசிபுரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருந்தார். வயது ஐம்பத்திரண்டு. சர்க்கரை உண்டு, மாத்திரை நினைவு வந்தால் போடுவார். பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். அதற்கு நாலு நாள் முன்னாலிருந்தே, “மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது கண்ணு, செத்த நேரம் உக்காந்தா சரியாப் போகுது” என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். விசேஷத்தன்று விடியற்காலையில் தாடையும் இடது தோளும் வலித்திருக்கின்றன. ரவிக்கை நனைகிற அளவுக்கு வேர்வை. ஒரு தடவை வாந்தி. “ராத்திரி முழிச்சது பித்தம் ஏறிப்போச்சு” என்று எலுமிச்சம்பழச் சாற்றைக் குடித்துவிட்டுப் பந்தி பரிமாற நின்றுவிட்டார். “சனம் சாப்பிட்டுப் போகட்டும், சாயங்காலம் டாக்டர்கிட்டப் போலாம்” என்றாராம்.

அந்தச் சாயங்காலம் அவருக்கு வரவில்லை. மூன்று மணிக்குப் பாத்திரம் ஒதுங்க வைக்கும்போது சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், “நல்லா இருந்த மனுஷி, திடீர்னு போயிட்டாங்களே” என்றார்கள். திடீரென்றா போனார்? நாலு நாள் அவருடைய இதயம் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறது. வீட்டில் அத்தனை பேர் இருந்தும் அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை, அவருக்கும் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்புகிற இதயத்துக்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் குழாய்கள் மெல்லியவை. அவற்றின் உட்புறம் வருஷக்கணக்கில் கொழுப்புப் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்கிறது. இதுதான் மாரடைப்பு.

மரவள்ளிக் காட்டுக்குச் சொட்டு நீர் போட்டிருக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு குழாயில் அடைப்பு விழுந்தால் அந்த வரிசைச் செடிகள் வாடிவிடும் அல்லவா? சீக்கிரம் அடைப்பை எடுத்தால் செடி பிழைக்கும். தாமதித்தால் காய்ந்து போகும். இதயத் தசையும் அப்படியே. அடைப்பு விழுந்து ஏறத்தாழ அரை மணி நேரத்திலேயே தசை சாக ஆரம்பிக்கிறது. மணிக்கு மணி சேதம் கூடுகிறது. செத்த தசை மறுபடி தளிர்ப்பதில்லை. அதனால்தான் டாக்டர்கள் முதல் ஒரு மணி நேரத்தைத் தங்கமான நேரம் என்கிறார்கள். நாம் அந்தத் தங்கத்தைச் சோடாவில் கரைத்துவிடுகிறோம்!

எதைக் கண்டால் உஷாராக வேண்டும்?

1. நடு நெஞ்சில் அழுத்தம், இறுக்கம், எரிச்சல், அம்மிக்கல்லை வைத்த மாதிரி பாரம். ஊசி குத்துவது போல இருக்க வேண்டும் என்பதில்லை.

2. அந்த வலி இடது கை, இரண்டு கை, தோள், கழுத்து, தாடை, முதுகு, மேல் வயிறு என்று பரவுவது. சிலருக்கு நெஞ்சில் ஒன்றும் இராது. தாடையும் முதுகும் மட்டுமே வலிக்கும்.

3. காரணமில்லாமல் குப்பென்று குளிர்ந்த வேர்வை.

4. மூச்சு வாங்குதல், குமட்டல், வாந்தி, தலை கிறுகிறுப்பு.

5. நேற்று வரை செய்த வேலையை இன்று செய்ய முடியாத அசதி. ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே உட்கார வேண்டியிருப்பது.

பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முக்கியமான அறிகுறி. ஆனாலும் மூச்சு வாங்கல், குமட்டல், அசதி, முதுகு வலி, தாடை வலி ஆகியவை ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் சேர்ந்து வருகின்றன. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப்போய் வலியே தெரியாமலும் மாரடைப்பு வரலாம்.

பெண்ணின் நெஞ்சு வலியை யாரும் கண்டுகொள்ளாதது இன்று நேற்றுக் கதையல்ல. இங்கிலாந்தில் வில்லியம் ஹெபர்டன் என்ற புகழ்பெற்ற டாக்டர் 1768-ல் இதய வலியை விவரித்து, ‘ஆஞ்ஜைனா’ என்று பெயரும் வைத்தார். தான் பார்த்த நூறு பேருக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளில் பெண்கள் மூன்றே பேர் என்றும் எழுதி வைத்தார். இது ஆண்களின் நோய் என்ற எண்ணம் அதன் பிறகும் வெகுகாலம் நீடித்தது. உண்மை என்னவென்றால், மாதவிடாய் நிற்கும் வரை பெண்ணுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. நின்ற பிறகு அது குறைந்துவிடுகிறது. சர்க்கரை நோய் இருந்தால் முன்னாடியே போய்விடுகிறது.

“சரிங்க, வாய்வா இதயமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்பீர்கள். வீட்டில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்கவே முடியாது. ஏப்பம் விட்டவுடன் வலி குறைந்தாலும் அது இதயமாக இருக்கலாம். ஈ.சி.ஜி. எடுக்காமல் டாக்டருக்கே தெரியாத விஷயம் நமக்கு எப்படித் தெரியும்? முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் சில சமயம் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். ரத்தப் பரிசோதனையும் வேண்டியிருக்கும். அதனால் டாக்டர் இருக்கச் சொன்னால் இருங்கள். “புள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருந்து வந்துருமுங்க” என்று கிளம்பி வந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. வேலை செய்யும்போது நெஞ்சு இறுகி, உட்கார்ந்தால் சரியாகிறது என்றால், ‘சரியாகிவிட்டதே’ என்று விட்டுவிடக் கூடாது. அது அடைப்பு வருவதற்கு முன் வரும் தந்தி. அந்த வாரத்திலேயே டாக்டரைப் பார்த்தாக வேண்டும். அப்படி வருவது அடிக்கடி ஆனாலோ, சும்மா இருக்கும்போதே வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு உட்காருங்கள். முதுகைச் சுவரில் சாய்த்து, இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் இந்த ஆம்புலன்ஸ் ஓடுகிறது, காசு கிடையாது. போனில் “உடம்பு சரியில்லை” என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாமல், “நெஞ்சு வலி, வேர்வை, மாரடைப்பாக இருக்கலாம்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வாசலிலும் இதையே சொல்ல வேண்டும். வந்த பத்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போவதும் ஆபத்து. நம் பக்கம் லாரிக் குடும்பங்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2024 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் வெள்ளகோயிலில் பள்ளி வேன் ஓட்டிய ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திப் பிள்ளைகளையெல்லாம் காப்பாற்றினார். பாவம், அவர் பிழைக்கவில்லை. ஸ்டியரிங்கில் இருக்கிற உங்கள் வீட்டுக்காரரிடமும், “நெஞ்சு என்னமோ பண்ணினா லோடு கிடக்கட்டும், வண்டியை ஓரங்கட்டிட்டு 108-ஐக் கூப்பிடுங்க” என்று சொல்லி வையுங்கள்.

பக்கத்து வீட்டில் யாருக்கோ கொடுத்த ‘சார்பிட்ரேட்’ மாத்திரையை வாங்கி நாக்குக்கு அடியில் வைக்காதீர்கள். ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கிவிடலாம். ஆஸ்பிரின் நல்ல மருந்துதான். ஆனால் அலர்ஜி, குடல் புண், ரத்தக் கசிவு உள்ளவர்களுக்கு ஆகாது. டாக்டரோ ஆம்புலன்ஸ்காரரோ சொன்னால் மென்று சாப்பிடலாம். விடாமல் இருமினால் மாரடைப்பு நின்றுவிடும் என்று போனில் வருகிற செய்தியை நம்பவே நம்பாதீர்கள். ஆள் மயங்கி மூச்சும் நின்றுவிட்டால், நடு நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை நன்றாக அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது.

“ஆஸ்பத்திரிக்குப் போய் மட்டும் என்னங்க ஆகப் போவுது?” என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தமிழ்நாட்டுக் கணக்கையே சொல்கிறேன். கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை டாக்டர் அஜித் முல்லசாரி முதலியோர் சேர்ந்து, நான்கு பெரிய ஆஸ்பத்திரிகளோடு 35 சிறிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸையும் இணைத்தார்கள். ஊர் ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டு உறைந்த ரத்தத்தைக் கரைப்பது, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்பிக் குழாயைத் திறப்பது என்று ஏற்பாடு. மொத்தம் 2,420 நோயாளிகளை வைத்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 17.6, ஏற்பாடு வந்த பின் 14.2. மருந்து புதிதல்ல, நேரத்தோடு போய்ச் சேர்ந்ததுதான் புதிது.

இன்று நமக்கு வசதியும் பக்கத்தில் வந்திருக்கிறது. 2023-ல் அரசு கொண்டுவந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அவசரத்துக்கு மூன்று வகையில் 14 மாத்திரைகள் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதை ரேஷன் கார்டோடு சேர்த்துக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

“எனக்கு முப்பதுகூட ஆகலையே” என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலும், பிரசவத்துக்குப் பிறகு ஐந்து மாதம் வரையிலும் சிலருக்கு இதயத் தசை பலவீனமாகிவிடுவது உண்டு. அபூர்வம்தான், ஆனால் ஆபத்தானது. படுத்தால் மூச்சு முட்டுவது, இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வருவது, நடு ராத்திரி மூச்சுத் திணறி எழுந்திருப்பது, கால் வீக்கம், படபடப்பு ஆகியவை அடையாளம். “பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று பெரியவர்கள் சொல்லலாம். பத்தியச் சாப்பாடும் காயமும் இதற்கு மருந்தாகாது. மருமகளையோ மகளையோ உடனே அழைத்துக்கொண்டு போங்கள். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்து, பிரசவத்தோடு சரியாகிவிட்டவர்களுக்கும் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

முப்பது வயதைத் தாண்டிய எல்லோருமே ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கொள்வது நல்லது. கொழுப்பையும் டாக்டர் சொல்கிறபடி பாருங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீட்டுக்கே வருகிற சகோதரியை, “வேலை இருக்குதுங்க, அப்புறம் வாங்க” என்று திருப்பி அனுப்பாதீர்கள். ஊறுகாய், அப்பளம், தட்டுவடை எல்லாம் நாக்குக்கு ருசிதான். அவற்றின் உப்பும் எண்ணெயும் இதயத்துக்குப் பாரம். மீந்துபோன எண்ணெயில் மறுபடி மறுபடி பலகாரம் சுடுவதையும் விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் எல்லோரையும் வைத்துக்கொண்டு இதைப் பேசுங்கள். “எனக்கு நெஞ்சில், தாடையில், முதுகில் இப்படி வந்தால் வாய்வு என்று நானே சொன்னாலும் கேட்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் அந்த எண்ணைச் சொல்லிக்கொடுங்கள். சோற்றை இறக்கி வைக்க ஆள் கிடைக்கும். பந்தி பரிமாறவும் ஆள் கிடைக்கும். பால் சொஸைட்டிக்கு ஒரு வேளை பால் ஊற்றாவிட்டால் குடி முழுகிவிடாது. பிள்ளைகளுக்கு அம்மா மட்டும் ஒருத்திதான், ஞாபகம் இருக்கட்டும்!