பைசா செலவில்லாத ஓர் இரவு

சென்ற ஆண்டு கேப்டவுனில் நான்கு நாள் கருத்தரங்கு. பொருள், வேளாண் கூலி உழைப்பு. எனக்கு ஆய்வில் ஆறாவது ஆண்டு, உதவித்தொகை ஐந்து மாதமாக வரவில்லை, விமான டிக்கெட் மாமாவிடம் வாங்கிய கடனில். அமெரிக்காவில் பணியாற்றும் நம்மூர்ப் பேராசிரியர் ஒருவரும் வந்திருந்தார். மூன்றாம் நாள் மாலை கூப்பிட்டார். "ஸ்டெல்லன்பாஷ்ல திராட்சைத் தோட்டத்துக்குள்ளயே ஒரு ஹோட்டல். ரெண்டு ரூம் போட்டிருக்கேன், நீங்களும் வாங்க. எல்லாம் பாயிண்ட்ஸ்தான், எனக்குப் பைசா செலவில்லை."

போனேன். மறுத்துவிட்டேன் என்று எழுதி இங்கே நல்ல பெயர் வாங்கலாம், ஆனால் போனேன். மெத்தை நன்றாக இருந்தது. என் விடுதி அறையைவிடக் குளியலறை பெரியது.

வாசலில் வெள்ளையடித்த மேடையில் ஒரு மணி தொங்கியது. "பாரம்பரிய மணி" என்றார் வரவேற்ற ஊழியர். அந்த வட்டாரத்துப் பழைய பண்ணைகள் பலவற்றில் இப்படி ஒன்று உண்டு. விடியுமுன் அடிமைகளை எழுப்ப அடித்த மணி அது. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். நானும்தான்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1658இல் கேப்பில் அடிமைகளைக் கப்பல் கப்பலாக இறக்கியது. மறு ஆண்டு பிப்ரவரியில் அங்கே முதல் ஒயின் பிழியப்பட்டது. அதே 1658இல்தான் அந்தக் கம்பெனி போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும். பசித்தவர்களை ஆயிரக்கணக்கில் வாங்கிக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் போனார்கள். கேப்புக்கும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் மனிதர்கள் விற்கப்பட்டார்கள். ஏடுகளில் 'கோரமண்டல்' என்பதே அவர்களுடைய குடும்பப் பெயர். சில அடிமைகளுக்கு மாதத்தின் பெயரையே வைத்தார்கள்: பிப்ரவரி, செப்டம்பர். பஞ்சத்தில் நிலம் உள்ளவன் விற்கப்படுவதில்லை. அதற்குமேல் எந்தச் சாதி என்று ஏடு சொல்லாது, நானும் சொல்லப்போவதில்லை.

அடிமைமுறை 1834இல் சட்டப்படி ஒழிந்தது. 'பயிற்சிக் காலம்' என்று பெயர் சூட்டி மேலும் நான்கு ஆண்டு அதே எஜமானிடம் வைத்திருந்தார்கள். பிறகும் 'டொப்' என்ற முறை தொடர்ந்தது. கூலியின் ஒரு பகுதிக்குப் பதிலாக மட்டமான ஒயினை ஒரு நாளில் பலமுறை ஊற்றிக் கொடுப்பது. சட்டம் தடுத்த பிறகும் 1990கள் வரை பண்ணைகளில் அது நீடித்தது. தாய் வயிற்றிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் இந்த ஒயின் ஊர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து, "குடிகாரக் கூட்டம்" என்று பண்ணைக்காரன் பேரன் சொல்வான். ஊற்றிக் கொடுத்த கை யாருடையது என்று சொல்ல மாட்டான். நம் சேரிகளைப் பற்றிப் பேசுகிறவர்களின் குரலை இதில் கேட்காதவர் உண்டா?

2012 நவம்பரில் அதே மாகாணத்தில், டி டூர்ன்ஸில், திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அன்று குறைந்தபட்ச நாள் கூலி 69 ரேண்ட். கேட்டது 150. உயிர்கள் போயின. 2013 மார்ச்சில் கிடைத்தது 105. எனக்கு வெண்மணி நினைவுக்கு வந்தது. அதுவும் நாகப்பட்டினத்துப் பக்கம்தான், அவர்களும் கூலி கூடக் கேட்டவர்கள்தான். 1968இல், 44 பேர்.

இனி அந்தப் 'பைசா செலவில்லை'. பேராசிரியரின் பாயிண்ட்ஸில் பாதி, பல்கலைக்கழகச் செலவில் அவர் கருத்தரங்குகளுக்குப் போய்த் தங்கிய இரவுகள். உழைப்பவர்களைப் பற்றிப் பேசப் போன இரவுகள்! மீதி கிரெடிட் கார்டு. அட்டை நிறுவனத்துக்குக் கட்டும் கட்டணத்தைக் கடைக்காரர் விலையில் ஏற்றுகிறார், ரொக்கம் கொடுக்கிறவரும் அதே விலைதான் கொடுக்கிறார். 2010இல் பாஸ்டன் பெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் ரொக்கம் கொடுக்கும் குடும்பத்திடமிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலர் போகிறது, அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு 1,133 டாலர் வருகிறது. இல்லாதவர்கள் கட்டிய மொய்யில் இருப்பவர்கள் சாப்பிட்ட விருந்து.

இதைச் சொன்னதும் என் நண்பன் வாட்ஸ்அப்பில் எகிறினான். "ஆண்டை மெத்தையில நாம படுத்ததே பதிலடிதான் மச்சான். நமக்கு மட்டும் ஏன் குற்ற உணர்ச்சி?" பாதி ஒத்துக்கொள்கிறேன். அண்ணல் கோட்டுப் போட்டதைக் கிண்டலடித்தவர்கள்தான் இன்று நமக்கு எளிமையை உபதேசிக்கிறார்கள். நல்ல மெத்தை நமக்கும் வேண்டும், என் ஆத்தாவுக்கு முதலில் வேண்டும். நடவு நட்டே அவர் இடுப்பு போனது.

ஆனால் மச்சான், அன்று நான் உரிமையோடு படுக்கவில்லை. ஒருவருடைய தயவில் படுத்தேன். இரவு உணவுக்குள் மூன்று முறை நன்றி சொல்லிவிட்டேன். அவருடைய கட்டுரை தஞ்சைக் கூலியைப் பற்றியது. இருபத்தைந்து பக்கம், சாதி என்ற சொல்லே இல்லை. மறுநாள் நிறைவு அமர்வில் அதைக் கேட்கவேண்டும் என்று இரண்டு நாளாகக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். கேள்வி நேரம் வந்தது. பக்கத்து நாற்காலியில் அவர். நான் கை தூக்கவில்லை. கேட்க வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். அலுவல் பயணத்தில் சேரும் விமான மைல்களை அலுவல் பயணத்துக்கே செலவிட வேண்டும் என்று நம் அரசு விதியிலேயே இருக்கிறது. கல்வி நிறுவனத்தின் காசில் சேரும் ஹோட்டல் பாயிண்ட்ஸ் மட்டும் எப்படிச் சொந்தச் சொத்தாகிறது? ஒவ்வொரு துறையும் அதைப் பொதுவில் சேர்க்கட்டும். கடன் வாங்கிக் கருத்தரங்குக்கு வரும் முதல் தலைமுறை மாணவிக்கு அதிலிருந்து அறை போடட்டும். யாருக்கும் நன்றி சொல்லாமல் அவள் தங்குவாள், மறுநாள் கேள்வியும் கேட்பாள்.

இதையும், அன்று கேட்காத கேள்வியையும் சேர்த்துப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். முன்மொழிவு பரிசீலிக்கத்தக்கது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சாதி பற்றிய கேள்விக்கு விரிவாக எழுதுகிறாராம், லிஸ்பன் கருத்தரங்கு முடிந்த பிறகு.