கப்பல் போனாலும் பேட்டர்ன் இருக்கட்டும்

"கப்பலுக்கும் கோயமுத்தூருக்கும் என்னங்க சம்பந்தம்?"

கடலோரக் காவல்படைக் கப்பல் ஒன்றை கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலாகச் செய்யப் போகிறேன், அதுதான் இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்று இங்கே ஒரு மாணவன் சொன்னால், முதலில் வரும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். கேட்பவர்களையும் குறை சொல்ல முடியாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலோ பஸ்ஸோ ஏறவேண்டிய ஊர் இது.

ஆனால் கேள்விதான் தப்பு. 1906ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி., ராஜதுரோக வழக்கில் தண்டிக்கப்பட்டு 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை இருந்தது கோவைச் சிறையில். செக்கிழுத்ததும் இங்கேதான். அவர் பெயரில் பூங்கா இருக்கிறது, மைதானம் இருக்கிறது. செக்குக் கதை தெரியாத பள்ளிப் பிள்ளை கிடையாது. ஆனால் அவர் வாங்கிய 'காலியா' கப்பலின் நீளம் என்ன, அதற்கு எத்தனை புகைபோக்கி என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. தண்டனை ஞாபகம் இருக்கிறது, கப்பல் மறந்து போச்சு!

இதே மறதிதான் கடலோரக் காவல்படைக் கப்பல்களுக்கும் காத்திருக்கிறது. 1977 பிப்ரவரி 1 அன்று இந்தப் படை ஆரம்பித்தபோது அதனிடம் இருந்தவை கடற்படை கொடுத்த இரண்டு பழைய போர்க்கப்பல்களும், ஐந்து ரோந்துப் படகுகளும்தான். படைக்கென்றே கட்டிய முதல் பெரிய ரோந்துக் கப்பல் 'விக்ரம்', 1983ல் மும்பை மசகான் டாக்கிலிருந்து வந்தது. நீளம் 74 மீட்டர். அதற்கு வயதாகி ஓய்வு கொடுத்தாயிற்று. 2018ல் அதே பெயரில் புதிய 'விக்ரம்' வந்தது. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்டு டி கட்டியது, 98 மீட்டர். 2015ல் ஆர்டர் கொடுத்த ஏழு கப்பல்களில் முதலாவது. ஏழாவதான 'விக்ரஹா' 2021ல் சென்னையில் படையில் சேர்ந்தது. அந்தப் பெயரும் பழைய கப்பல் ஒன்றின் பெயர்தான்.

பெயரை மட்டும் அடுத்த கப்பலுக்குக் கொடுத்துவிட்டால் பாரம்பரியத்தைக் காப்பாற்றியது ஆகிவிடுமா? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, தாத்தாவின் ஒரே போட்டோவைத் தொலைத்த கதைதான். விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்' பல வருடம் மும்பையில் மிதக்கும் மியூசியமாக இருந்தது. அதையே 2014ல் உடைக்க ஆரம்பித்தார்கள். அதன் இரும்பு 2016ல் மோட்டார் பைக்காக வந்தது. அவ்வளவு பெரிய கப்பலுக்கே அந்தக் கதி என்றால், 74 மீட்டர் ரோந்துக் கப்பலுக்கு யார் அழப் போகிறார்கள்?

கொங்குநாட்டுக்காரர்களுக்கு இதற்கான மருந்து தெரியும். கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு ஃபவுண்டரிக்குப் போனால் பேட்டர்ன் என்றால் என்ன என்று காட்டுவார்கள். பம்ப் உடலை வார்ப்பதற்கு முன்னால் மரத்திலோ அலுமினியத்திலோ அதன் உருவத்தைச் செய்துகொள்வார்கள். உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்யவேண்டும். பம்ப் தேய்ந்து எடைக்குப் போனாலும் பேட்டர்ன் ரேக்கில் இருக்கும். அது இருக்கும்வரை பம்ப் செத்துப் போவதில்லை. கப்பலுக்கான பேட்டர்ன்தான் துல்லியமான டிஜிட்டல் மாடல்.

துல்லியம் என்றால் நிஜமாகவே துல்லியம். வெள்ளைப் பெட்டி ஒன்று செய்து, பக்கத்தில் சாய்வாக ஒரு கோடு போட்டு, கடலில் மிதக்கவிட்டு வீடியோ எடுப்பது மாடல் ஆகாது. அந்தச் சாய்வுக் கோட்டுக்கே ஒரு கதை உண்டு. ரேமண்ட் லோவியின் நிறுவனம் வடிவமைத்து அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1967ல் எடுத்துக்கொண்டது, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஹெலிகாப்டர் தளம் ஏன் பின்பக்கம், படகு இறக்கும் கிரேன் ஏன் அந்த உயரத்தில் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அந்தக் காரணங்களையும் சேர்த்துப் பதிவு செய்தால்தான் பாரம்பரியம். இல்லாவிட்டால் பொம்மை.

அமெரிக்காவில் 1969 முதல் இதற்கென்றே ஒரு அரசுத் திட்டம் இருக்கிறது. பாலம், ஆலை, கப்பல் எல்லாவற்றையும் அளந்து வரைந்து லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் வைக்கிறார்கள். கடலோரக் காவல்படையின் 180 அடி மிதவைக் கப்பல்களைக்கூட விடவில்லை. கடலில் வழிகாட்டும் மிதவைகளைப் போட்டுப் பராமரிக்கும் சாதாரண வேலைக் கப்பல்கள் அவை. போரில் ஜெயித்தால்தான் பாரம்பரியம் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

"பாதுகாப்பு ரகசியம் ஆச்சே?" என்பது அடுத்த கேள்வி. ஓடுகிற கப்பலின் உள்ளறைகளை யாரும் கேட்கவில்லை. வெளித்தோற்றம் படை வெளியிடும் புகைப்படங்களிலேயே இருக்கிறது. ஆனால் ஓய்வு பெற்ற கப்பலின் வரைபடத்தில் என்ன ரகசியம்? உடைப்பதற்கு முன் அதை ஆவணக் காப்பகத்தில் சேர்க்கவேண்டியது அரசாங்கத்தின் கடமை.

"சாஃப்ட்வேர் விலை ஜாஸ்தி" என்பதும் பழைய சாக்கு. பிளெண்டர் 2002லேயே இலவசமாகிவிட்டது. விலை ஜாஸ்தி என்றால், காந்திபுரத்தில் காசு கொடுத்து வாங்கும் ரெடிமேட் ப்ராஜெக்ட்தான். வருடா வருடம் அதே தலைப்பு, அதே சர்க்யூட், அட்டையில் மட்டும் வேறு பெயர். வைவா முடிந்ததும் பரணுக்குப் போகும் அந்தக் குப்பைக்குச் செலவாகும் ஆறு மாதத்தில், நாலு பேர் சேர்ந்தால் ஒரு கப்பலைக் காப்பாற்றிவிடலாம்.

செக்குக்கு மாலை போடுவது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மனுஷன் செக்குக்காக ஜெயிலுக்குப் போகவில்லை, கப்பலுக்காகப் போனார்.